நெகாராகூ நமக்குப் பொருந்துமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் செந்தூலில் வசிக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் வட்டாரத்து வாசகர் சந்திப்பில் சுதந்திர மாதத்தை ஒட்டி மலேசிய நாட்டுப்பண்ணான 'நெகாராகூ'வைப் பற்றிப் பேச்செடுத்தோம். பேச்சு நாங்கள் நினைத்ததைவிடச் சூடாகிவிட்டது.

இதன் மெட்டு ஒரு பிரெஞ்சுப் பாட்டிலிருந்து வந்தது, அதைப் பேராக் மாநிலம் எடுத்துக்கொண்டது, பேராக்கிடமிருந்து நாடு எடுத்துக்கொண்டது, இரவல் மெட்டு ஒரு நாட்டுக்குப் பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டார். 'தானா தும்பாஹ்ஞா டாராகூ', அதாவது 'என் இரத்தம் சிந்திய மண்' என்ற அடி போரிட்டு மாண்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு உரியது, பால்மரம் வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அதில் இடமில்லை என்றார் மற்றொருவர். மூன்றாமவர், பாட்டில் கடவுள் இருக்கிறார், அரசர் இருக்கிறார், நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டுவிட்டு, இலங்கையில் உள்ளதைப்போலத் தமிழிலும் பாடும் உரிமையை நாம் கோர வேண்டும் என்றார்.

ஒவ்வொரு வாரமும் சபைகூடலில் பிள்ளைகளோடு நின்று இதைப் பாடுபவள் நான். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பாட்டு இந்த நாட்டுக்கும் நமக்கும் பொருத்தமானதுதானா? மாற்ற வேண்டும் என்று பேசுவதே தவறா? பிள்ளைகள் பொருள் கேட்டால் என்ன சொல்வது?

அன்புடன்,
ச., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் சந்திப்பில் பேசிய மூவருடைய மனக்குறையும் நேர்மையானது. பொதுவாக ஏதோ ஒரு சமாதானம் சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இங்கே பினாங்கிலும் இதே பேச்சு ஆகஸ்டு மாதந்தோறும் எழுகிறது.

மெட்டைப் பற்றி உங்கள் நண்பர் சொன்ன தகவல் சரி. விடுதலைக்கு முன் நாட்டுப்பண்ணுக்காக உலகளாவிய போட்டி ஒன்று நடத்தப்பட்டு 514 ஆக்கங்கள் வந்து சேர்ந்தன, ஒன்றும் தேறவில்லை. அதன்பின் பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற புகழ்பெற்ற இசையமைப்பாளர்களிடமும், மறு ஆண்டே சிங்கப்பூருக்காக 'மஜுலா சிங்கப்பூரா'வை இயற்றிய சுபிர் சாயிட்டிடமும் கேட்டு வாங்கிய ஆக்கங்களும் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானின் தலைமையில் அமைந்த குழுவுக்கு நிறைவளிக்கவில்லை. கடைசியில், 1957 ஆகஸ்டு 5ஆம் நாள், விடுதலைக்கு நான்கு வாரம்கூட மிச்சமில்லாத நேரத்தில், பேராக் மாநிலப் பாட்டின் மெட்டே தேர்ந்தெடுக்கப்பட்டது. வரிகள் புதிதாக எழுதப்பட்டன. அந்தப் பேராக் மெட்டுக்கு மூலம் 'லா ரோசாலி' என்ற பிரெஞ்சுப் பாட்டு. அது செஷல்ஸ் தீவில் மக்கள் வாயில் புழங்கிய பாட்டு என்றும், அங்கே வாழ்ந்த பேராக் அரச குடும்பத்தோடு இங்கே வந்தது என்றும் சொல்லப்படுகிறது. இடையில் 'தெராங் பூலான்' என்ற பெயரில் மலாய் மெல்லிசையாகவும் அது ஊரெல்லாம் பாடப்பட்டது.

பேராக் அரச குடும்பம் செஷல்ஸுக்கு ஏன் போனது என்பதை உங்கள் நண்பருக்கு நினைவூட்டுங்கள். 1875இல் பாசிர் சாலாக்கில், சுல்தானுக்கு ஆலோசகராக அமர்த்தப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி (ரெசிடெண்ட்) பர்ச் கொல்லப்பட்டார். அதில் பங்குண்டு என்று குற்றஞ்சாட்டி சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர் 1877இல் அந்தத் தீவுக்கு நாடுகடத்தினார்கள். அவர்களால் கடல் கடத்தப்பட்ட ஓர் அரசரோடு திரும்பி வந்ததாகச் சொல்லப்படும் மெட்டு, அவர்களுடைய கொடி இறங்கிய நேரத்தில் இந்த நாட்டின் பாட்டாக ஒலித்திருக்கிறது. இதைவிடப் பொருத்தமான பிறப்பு வரலாற்றை 514 ஆக்கங்களில் எதுவும் கொண்டுவந்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

இரவல் மெட்டு என்பது குறையும் அன்று. அமெரிக்காவின் நாட்டுப்பண் ஓர் ஆங்கிலக் கேளிக்கைக் கழகத்தின் பாட்டு மெட்டில் அமைந்தது. பின்லாந்தும் எஸ்தோனியாவும் ஒரே மெட்டைப் பாடுகின்றன. நம் மரபில் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சாகித்தியம் எழுதியவர்; பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டிலேயே அவர் 'சந்ததம் பாஹிமாம்' என்று தேவியைப் பாடினார். அதைக் கேட்டு வளர்ந்த நாம் இரவலைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மெட்டில் எனக்கிருந்த ஒரே வருத்தம், 1990களின் தொடக்கத்தில் அதை அணிநடைப் பாட்டைப்போல வேகப்படுத்தியதுதான். 2003இல் பழைய நிதானத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நிதானமாகப் பாடும்போதுதான் அதன் சொற்கள் காதில் விழுகின்றன.

இனி அந்தச் சொற்களுக்கு வருவோம். பாட்டு முழுவதையும் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: என் நாடே, என் இரத்தம் சிந்திய மண்ணே, மக்கள் ஒன்றுபட்டு முன்னேறி வாழ்கிறார்கள், அருளையும் மகிழ்ச்சியையும் இறைவன் அளிக்கட்டும், நம் அரசர் நலமாக அரியணையில் வீற்றிருக்கட்டும். மற்றவை இந்த வரிகளையே திரும்பப் பாடுபவை.

'தானா தும்பாஹ் டாரா' என்பது மலாய்க்காரர் அன்றாடம் பயன்படுத்தும் தொடர். பிறந்த மண் என்பதுதான் அதன் பொருள். பிறப்பின்போது தாயிடமிருந்து சிந்தும் இரத்தம் அந்தத் தொடரில் இருக்கிறது. போரில் சிந்திய இரத்தமாக அதைக் கொள்பவர்களும் உண்டு, நாட்டுப்பற்றைப் பேசும் மேடைகளில் அந்தப் பொருளே அதிகம் ஒலிக்கிறது, ஆகவே உங்கள் நண்பர் அப்படிப் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. ஆனால் பிறந்த மண் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்: தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் மருத்துவச்சியின் கையில் பிறந்து, வீட்டுக்குப் பின்னால் நஞ்சுக்கொடி புதைக்கப்பட்ட நம் பெற்றோரின் தலைமுறையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் அடி எது? பாட்டன் எங்கிருந்து வந்தார் என்று அந்த அடி கேட்கவில்லை. பாடுபவர் எங்கே பிறந்தார் என்பதை மட்டுமே அது கேட்கிறது.

போரின் பொருளிலேயே நின்றாலும் நமக்கு இடமில்லை என்று சொல்லிவிட முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான தொழிலாளர்கள் நம்மவர்கள். ஆனாலும் அந்த வழியில் வாதிட நான் விரும்பவில்லை. யார் அதிகம் செத்தார்கள் என்று கணக்குக் காட்டி உரிமை பெறுவது எந்த இனத்துக்கும் பெருமை தராது, அந்தக் கணக்கை ஒருமுறை தொடங்கிவிட்டால் முடிக்கவும் முடியாது.

கடவுளும் அரசரும் இருக்கிறார்கள், நாம் இல்லை என்ற மூன்றாமவரின் குறைக்கு வருகிறேன். மெட்டைத் தந்த பேராக் பாட்டின் தலைப்பில் 'அல்லா' என்ற சொல் இருக்கிறது. நாட்டுக்கான வரிகளை எழுதியவர்கள் 'துஹான்', அதாவது 'இறைவன்' என்ற பொதுச்சொல்லைத் தேர்ந்தார்கள். அந்தச் சொல்லை முருகனை நினைத்தும் பாடலாம், மாதாவை நினைத்தும் பாடலாம். 'நம் அரசர்' என்பவர் ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் மாமன்னர். சுல்தான் இல்லாத பினாங்கில் வாழும் எனக்கும் அவரே அரசர். நாம் எங்கே என்று கேட்டால், 'ராக்யாட்', அதாவது 'மக்கள்' என்ற சொல்லில் இருக்கிறோம். மலாய்க்காரரும் சீனரும் சபாவின் கடசானும் சரவாக்கின் இபானும் அந்த ஒரே சொல்லில்தான் இருக்கிறார்கள். பாட்டில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, எந்த மதத்தின் பெயரும் இல்லை, நாட்டின் பெயர்கூட இல்லை.

இந்தக் கடைசிச் செய்தி நம் விவாதங்களில் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. 1957இல் இது மலாயாவுக்காக எழுதப்பட்ட பாட்டு. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் சபாவும் சரவாக்கும் சிங்கப்பூரும் சேர்ந்து மலேசியா பிறந்தபோது ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இந்தியாவின் நாட்டுப்பண்ணோ நிலப்பகுதிகளை வரிசையாகப் பெயர் சொல்லி அழைப்பது. திராவிடமும் அதில் உண்டு. அந்த வரிசையில் இருக்கும் சிந்து மாநிலம் 1947இல் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால், அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2005இல் தள்ளுபடி ஆனது. பெயர் சொல்லும் பாட்டில் பெயர் விடுபட்டவனுக்கு வருத்தம் வரும். பெயரே சொல்லாத பாட்டில் எவரும் விடுபடுவதில்லை. 2003இல் 'நெகாராகூ' என்பதை 'மலேசியாகூ' என மாற்றும் யோசனை எழுந்தபோது மக்கள் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள், அரசும் அதைக் கைவிட்டது. அது நல்ல முடிவு. நாட்டுப்பண்ணைப் பற்றிப் பேசுவதே தவறா என்ற உங்கள் கேள்விக்கும் அதுவே விடை. எதிர்த்து எழுதிய அந்த மக்கள் பாட்டின் மீது அன்பு உள்ளவர்கள்.

தமிழில் பாடும் உரிமையைப் பொறுத்தவரை நான் உங்கள் நண்பரோடு உடன்படவில்லை. இலங்கையின் நிலை வேறு. அங்கே ஆனந்த சமரக்கோன் இயற்றிய பாட்டுக்குப் பண்டிதர் நல்லதம்பி எழுதிய தமிழ் வடிவம், அதே மெட்டில், தமிழ்ப் பிள்ளைகளால் பள்ளிகளில் பாடப்பட்டு வந்தது. 2016ஆம் ஆண்டு சுதந்திர நாள் விழாவில் அது ஒலித்தபோது கண்கலங்கியவர்களை நான் அறிவேன். 2020ஆம் ஆண்டு விழாவில் அது விடப்பட்டபோது ஏற்பட்ட வலி, கையில் இருந்ததைப் பறிகொடுத்தவரின் வலி. நமக்கு இங்கே மலாய் தேசிய மொழி. அதைப் பள்ளியில் படித்து, அதில் பேசி, அதில் வழக்காடி வாழ்கிறோம். சிங்கப்பூரில் பெரும்பான்மையினரான சீனர்களும் தங்கள் நாட்டுப்பண்ணை மலாயில்தான் பாடுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லும் அந்தச் சில நிமிடங்கள் இந்த நாட்டில் வேறெங்கும் வாய்ப்பதில்லை, அதைப் பிரித்துக்கொள்ள நான் ஆசைப்பட மாட்டேன். தமிழில் பொருள் சொல்லிக் கொடுப்பது வேறு. அது கட்டாயம் நடக்க வேண்டும், பெரும்பாலான பள்ளிகளில் நடப்பதில்லை என்பது என் வருத்தம்.

ஆக, மெட்டிலும் குறையில்லை, சொல்லிலும் குறையில்லை என்றால், உங்கள் சந்திப்பில் அத்தனை பேருக்கு ஏன் மனம் குமுறியது? அந்தக் குமுறல் உண்மையானது, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் பாட்டு அன்று என்பதே என் எண்ணம்.

பிறந்த மண்ணே என் நாடு என்கிறது பாட்டு. விடுதலை நாளிலிருந்து 1962 வரை நாட்டின் சட்டமும் அதையே சொன்னது. இந்த மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். 1962இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. விடுதலைக்கு முன் இங்கே பிறந்தவர்களும் குடியேறியவர்களும் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வழி இருந்தது. தோட்டத்தைத் தாண்டி வெளியே போகாத, எழுதப் படிக்கத் தெரியாத, கையில் எந்தச் சான்றும் இல்லாத பலர் அந்த வழியைத் தவறவிட்டார்கள். அப்படிக் குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிகளாகவே தங்கிப்போனவர்கள்தான் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள்.

1968ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று நாட்டுப்பண் சட்டம். பாட்டு ஒலிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும் என்றும், தெரிந்தே அவமதிப்பவருக்கு 100 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதமோ ஒரு மாதத்துக்கு மேற்படாத சிறையோ உண்டு என்றும் சொல்வது. மற்றொன்று வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. அந்தச் சீட்டுக் கிடைக்காமல் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள், இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். நாகப்பட்டினம் போகும் 'ரஜூலா' கப்பல் இந்தப் பினாங்குத் துறைமுகத்துக்கும் வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரே ஆண்டில் வந்த இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்து வைத்துப் படிக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. எழுந்து நின்று பாடச் சொன்ன நாடு, பாட்டின் இரண்டாவது அடியில் உள்ள உறவை அந்தத் தொழிலாளர்களிடம் மறுத்தது.

பினாங்கின் பிறை நகரில் மகன் வீட்டில் வசிக்கும் ஒரு மூதாட்டியை எனக்குத் தெரியும். கெடாவில் சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டமொன்றில், விடுதலைக்குச் சில ஆண்டுகள் முன்னால் பிறந்தவர். தோட்டம் கைமாறிக் கைமாறி இப்போது வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. பிறப்பைப் பதிந்த ஏடு எங்கே போனது என்று சொல்ல ஆளில்லை. அவருக்காக விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு சுற்று ரப்பர் பட்டை போட்டு வைத்திருந்த சிவப்பு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்தபோது, தோட்டத்தின் பெயரோடு எத்தனையாவது லயம், எத்தனையாவது வீடு என்பதையும் சொல்லி எழுதச் சொன்னார். அதற்குக் கட்டத்தில் இடமில்லை, ஓரத்தில் பொடியாக எழுதினேன். பேத்தியின் பள்ளி விழாவில் அவர் நெகாராகூ பாடியதையும் பார்த்திருக்கிறேன். உடம்போடு ஒட்டிய கைகள், ஓர் எழுத்துப் பிசகாத உச்சரிப்பு. ஒருமுறையும் வாக்களித்தது கிடையாது அவர்.

அடுத்த தலைமுறையிலும் இது தீரவில்லை. பெற்றோரின் திருமணம் பதியப்படாததாலோ, தாயிடம் ஆவணம் இல்லாததாலோ, பிறப்புச் சான்றிதழில் 'புக்கான் வார்கானெகாரா', குடிமகன் அல்லர், என்று அச்சிடப்பட்ட பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களும் வாரந்தோறும் சபைகூடலில் நின்று 'நெகாராகூ' என்கிறார்கள். பன்னிரண்டு வயதில் வகுப்புத் தோழர்கள் மைகாட் என்ற அடையாள அட்டையை எடுத்துவந்து புகைப்படத்தைக் காட்டிச் சிரிக்கும்போதுதான் அவர்களுக்குத் தாங்கள் யார் என்று தெரியவருகிறது.

உங்கள் நண்பர்கள் கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது. வரிகளை மாற்றக் கேட்பதற்குச் செலவிடும் கோபத்தை, அந்த வரிகள் சொன்னபடி நடக்கக் கேட்பதற்குச் செலவிடலாம். கனடா 2018இலும் ஆஸ்திரேலியா 2021இலும் தங்கள் நாட்டுப்பண்ணில் சொல் மாற்றின. விடுபட்டவர்களைச் சேர்க்க அவர்களுக்குப் புதுச்சொல் தேவைப்பட்டது. நமக்கு 1957ஆம் ஆண்டின் சொல்லே போதும். பிறந்த மண் நாடு என்று அரசே வாரந்தோறும் பாடவைக்கும்போது, அதைச் சுட்டிக்காட்டிக் குடியுரிமை கேட்பதைவிட வலுவான வாதம் நம்மிடம் வேறு எது இருக்கிறது?

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். ஒவ்வோர் அடியாக, பிறந்த மண் என்ற பொருளோடு, அவரவர் பிறந்த மருத்துவமனையையும் ஊரையும் சொல்லவைத்துப் பாடம் நடத்துங்கள். சுல்தான் அப்துல்லாவின் கதையையும் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

கூடவே ஒரு வேலை. உங்கள் வகுப்புப் பதிவேட்டை ஒருமுறை பாருங்கள். சான்றிதழில் அந்த இரண்டு சொற்கள் உள்ள பிள்ளை யாராவது இருந்தால், மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவின்கீழ், உரிய வயது வரம்புக்குட்பட்டவரைச் சிறப்புச் சூழ்நிலையில் குடிமகனாகப் பதிய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. பதில் வர ஆண்டுகள் பிடிக்கலாம், காரணம் சொல்லாமல் மறுக்கப்படுவதும் உண்டு, திரும்ப விண்ணப்பிக்க நேரிடும். ஐந்தாம் ஆண்டிலேயே தொடங்கினால் சில ஆண்டுகளாவது அவகாசம் கிடைக்கும். வயது வரம்பை நெருங்கிய பிறகு தொடங்குபவர்களுக்கு அது இல்லை. படிவம் நிரப்பவும் சான்றுகள் திரட்டவும் துணை தேவைப்பட்டால் எனக்கு எழுதுங்கள். கோலாலம்பூரில் இந்த வேலையைச் செய்து பழகியவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து